தாத்தாவின் பெட்டியில் ஒரு போர்ப் பதக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப் போரில் (1914–1918) சென்னை மாகாணத்திலிருந்து பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வராதவர்களின் வீடுகளில், டிரங்குப் பெட்டியின் அடியிலோ பூசை அலமாரியின் மூலையிலோ, இன்றும் ஒரு பதக்கமோ இரண்டோ கிடக்கின்றன. அவற்றைக் கொண்டுவந்து காட்டியவர்கள் என்னிடம் கேட்டவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். கேடயம், வாள், சீருடை போன்றவற்றுக்குள் நான் போகவில்லை.

வெள்ளி மாதிரி இருக்கிறது. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரை மேல் ஆடையில்லாத ஒரு ஆள். இது என்ன பதக்கம்?

இது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். 36 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது. 'ஸ்டெர்லிங்' எனப்படும் 92.5 விழுக்காடு தூய வெள்ளியால் ஆனது. ராஜா, ஐந்தாம் ஜார்ஜ். குதிரையின் காலடியில் மிதிபடும் கழுகுக் கேடயம் ஜெர்மனியையும் அதன் கூட்டாளிகளையும் குறிக்கிறது. அருகில் ஒரு மண்டையோடும் இருக்கும். ரிப்பன் மிஞ்சியிருந்தால் நடுவில் அகலமான ஆரஞ்சுப் பட்டையும், அதன் இருபுறமும் வெள்ளை, கறுப்பு, நீலக் கோடுகளும் தெரியும்.

பிரிட்டிஷ் பேரரசு முழுவதும் ஏறத்தாழ 65 இலட்சம் வெள்ளிப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. ஆகவே பதக்கம் என்ற அளவில் இது அரிய பொருள் அன்று. அரியது எது என்பதற்குக் கீழே வருகிறேன்.

கூடவே மஞ்சளாக ஒன்று இருக்கிறது, சிறகு வைத்த பெண் நிற்கிறாள். அது தங்கமா?

தங்கம் அன்று, மெருகு பூசிய வெண்கலம். வெற்றிப் பதக்கம் என்பது இதன் பெயர். பின்பக்கத்தில் 'நாகரிகத்துக்கான மாபெரும் போர், 1914–1919' என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருக்கும். இரண்டு வானவில்களை முதுகோடு முதுகு ஒட்டியது போல அமைந்த ரிப்பனைப் பார்த்தே இதை அடையாளம் கண்டுவிடலாம்.

ஒன்றில் 1918 என்றும் மற்றதில் 1919 என்றும் இருக்கிறதே, எது சரி?

இரண்டும் சரி. துப்பாக்கிகள் ஓய்ந்தது 1918 நவம்பர் 11. ஜெர்மனியோடு போரை முறைப்படி முடித்த வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28. ஊர்களில் வைக்கப்பட்ட நினைவுக் கல்வெட்டுகளிலும் இந்த இரட்டைக் கணக்கைக் காணலாம்.

எங்களிடம் இருப்பது வட்டமாக இல்லை, நட்சத்திரம் மாதிரி இருக்கிறது.

அதன் நடுவில் '1914–15' என்று இருந்தால், 1915 டிசம்பர் 31க்கு முன்னரே ஏதேனும் ஒரு போர்முனையில் கால்வைத்தவருக்கு உரிய வெண்கல நட்சத்திரம் அது. வெறும் '1914' என்றும், மேலும் கீழும் ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் ஆங்கிலச் சுருக்கங்களும் இருந்தால், அது 1914 ஆகஸ்ட் 5க்கும் நவம்பர் 22க்கும் இடையில் பிரான்சிலோ பெல்ஜியத்திலோ பணியாற்றியவர்களுக்கு மட்டும் தரப்பட்டது. ஒருவருக்கே இரண்டு நட்சத்திரங்களும் தரப்பட்டதில்லை. பெட்டியில் இரண்டும் இருந்தால் பட்டாளத்துக்குப் போனவர்கள் இருவர் என்று பொருள்.

இந்தப் பதக்கங்களை வாங்க எங்கள் தாத்தா என்ன வீரச் செயல் செய்தார்?

கேட்பவருக்கு ஏமாற்றமாக இருந்தாலும் நேராகச் சொல்லிவிடுவது நல்லது. மேலே சொன்ன மூன்றும் வீரச் செயலுக்காகத் தரப்பட்டவை அல்ல. போர்முனையில் பணியாற்றிய அனைவருக்கும் தரப்பட்ட பணிப் பதக்கங்கள். தனிப்பட்ட வீரத்துக்கு உரியவை வேறு: 1837இல் ஏற்படுத்தப்பட்ட இந்திய ஆர்டர் ஆஃப் மெரிட், 1907இல் தொடங்கிய இந்திய டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் மெடல், 1911 தில்லி தர்பாருக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கும் திறந்துவிடப்பட்ட விக்டோரியா கிராஸ். 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தில் காட்டிய துணிவுக்காக விக்டோரியா கிராஸ் பெற்ற குதாதாத் கான்தான் அதைப் பெற்ற முதல் இந்தியச் சிப்பாய்.

ஆனால், 'எல்லாருக்கும் கொடுத்தது' என்பதால் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. கடல் கடந்து போனார், போர்முனையில் நின்றார் என்பதற்கு வீட்டில் உள்ள ஒரே எழுத்துச் சான்று பல குடும்பங்களில் இதுதான். கடிதம் இல்லை, புகைப்படம் இல்லை, எலும்பும் வந்து சேரவில்லை.

எழுத்துச் சான்று என்கிறீர்கள், ஆனால் பதக்கத்தில் அவர் பெயர் எங்கேயும் இல்லையே?

முகப்பில் தேடினால் கிடைக்காது. வட்டப் பதக்கமானால் நாணயத்தின் விளிம்பு போன்ற அந்த மெல்லிய ஓரத்தைச் சுற்றியும், நட்சத்திரமானால் வழுவழுப்பான பின்பக்கத்திலும் பாருங்கள். பட்டாள எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகிய நான்கும் ஆங்கில எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும். முகப்பு 65 இலட்சம் பேருக்கும் பொது. ஓரம் ஒருவருக்கு மட்டுமே உரியது. நான் அரியது என்று சொன்னது இந்த ஓரத்தைத்தான்.

ஓரம் கறுத்துப் போயிருக்கிறது. புளி போட்டுத் துலக்கினால் எழுத்து தெரியுமா?

தயவுசெய்து வேண்டாம். புளி, சாம்பல், பற்பொடி, கடையில் விற்கும் மெருகுத் திரவம் எல்லாமே ஒவ்வொரு தேய்ப்பிலும் உலோகத்தில் ஒரு மெல்லிய அடுக்கைக் கொண்டுபோகின்றன. குத்துவிளக்கோடு சேர்த்து ஆண்டுதோறும் ஆயுத பூசைக்குத் துலக்கப்பட்ட ஒரு பதக்கத்தைப் பார்த்திருக்கிறேன். ராஜாவின் மூக்கும் இல்லை, ஓரத்தில் பெயரும் இல்லை, கடைசி இரண்டு எண்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. அந்த வீட்டார் மரியாதையாகத்தான் துலக்கினார்கள்.

இருட்டறையில் கைவிளக்கின் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினாலே பெரும்பாலும் எழுத்து எழும்பித் தெரியும். அதற்கும் மசியாவிட்டால் மெல்லிய தாளை ஓரத்தின் மேல் வைத்து மென்மையான பென்சிலால் தேய்த்துப் படியெடுக்கலாம்.

எண்ணும் பெயரும் புரிகிறது, மீதிச் சுருக்கெழுத்துகளுக்கு என்ன பொருள்?

பதவியிலிருந்து தொடங்குவோம். சிப்பாய், நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார் என்று ஏறிச் செல்வது காலாட்படை வரிசை. 'சாப்பர்' என்றால் பாலம், பதுங்குகுழி, பாதை அமைக்கும் பொறியியல் படையின் கடைநிலை வீரர். 'டி.வி.ஆர்.' என்பது டிரைவர். அவர் மோட்டார் வண்டி ஓட்டியதாக நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் கோவேறு கழுதைகளை ஓட்டியவராக இருப்பார்.

படைப்பிரிவைப் பொறுத்தவரை, சென்னை மாகாணத்துக் குடும்பங்களில் '63 பி.எல்.ஐ.' என்றால் பாளையங்கோட்டை இலகு காலாட்படை, '83 டபிள்யூ.எல்.ஐ.' என்றால் வாலாஜாபாத் இலகு காலாட்படை. எண்ணை அடுத்துக் 'கர்னாடிக்' என்று வந்தால் கர்நாடகக் காலாட்படைப் பிரிவுகளில் ஒன்று. 61, 64, 81 ஆகிய எண்களோடு 'பயனியர்ஸ்' என்று வந்தால் சாலையும் அகழியும் வெட்டத் தெரிந்த காலாட்படை. '2 க்யூ.வி.ஓ. எஸ் அண்டு எம்' என்பது விக்டோரியா மகாராணியின் பெயர் தாங்கிய சென்னை சாப்பர்கள். 'தம்பி' என்ற செல்லப்பெயரால் இந்திய இராணுவம் முழுவதும் அறியப்படுபவர்கள் இவர்கள்தாம்.

சென்னை மாகாணத்திலிருந்து அவ்வளவு பேர் போனார்களா? பஞ்சாப்காரர்கள்தான் போனார்கள் என்று படித்திருக்கிறேன்.

பஞ்சாபிலிருந்து போனவர்களே மிகுதி என்பது உண்மை. அதற்குக் காரணம் வீரக் குறைவு அன்று, கொள்கை. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போர்க்குணம் இழந்துவிட்டனர் என்று முடிவு கட்டினார். பின்னர் இந்தியப் படை முழுவதற்கும் அவர் தலைமை ஏற்றபோது சில இனத்தாரே போருக்கு ஏற்றவர்கள் என்னும் 'போர்க்குடிகள்' கோட்பாடு வலுப்பெற்று, சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் பல கலைக்கப்பட்டு, சிலவே மிஞ்சின. சாப்பர்கள் இதிலிருந்து தப்பினார்கள். பிற பட்டாளங்கள் சாதி பார்த்துக் கதவடைத்த காலத்திலும் பறையர்களுக்கும் கிறித்தவர்களுக்கும் சாப்பர் படையில் இடம் இருந்தது.

ஆயினும் 1914க்குப் பின் ஆள் தேவைப்பட்டபோது கோட்பாடு தளர்ந்தது. போர்க்காலத்தில் சென்னை மாகாணத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட போரிடாப் பணியாளர்களும் சேர்க்கப்பட்டனர். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் உள்ள கல்வெட்டு, அவ்வூரிலிருந்து 277 பேர் போருக்குச் சென்றதையும் அவர்களில் 14 பேர் உயிர் துறந்ததையும் சொல்கிறது. எண்ணிக்கை இருக்கிறது, பெயர்கள் இல்லை. இதே குறை மேலும் பெரிய அளவில் கீழே வரும்.

ஓரத்தில் 63 பி.எல்.ஐ. என்று இருக்கிறது. அவர்கள் எங்கே சண்டை போட்டார்கள்?

கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவின் தாங்கா துறைமுகத்தில். அன்று அது ஜெர்மானியர் கையில் இருந்தது. 1914 அக்டோபரில் பம்பாயிலிருந்து கப்பலேறிய ஏறக்குறைய 8,000 பேர் கொண்ட படை, வாரக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டு, நவம்பர் 2 இரவிலிருந்து அங்கே கரையிறங்கியது. எதிரில் நின்ற ஜெர்மானியத் தளபதி லெட்டோவ்-ஃபோர்பெக்கின் படை ஏறத்தாழ ஆயிரம் பேர். இருந்தும் 4ஆம் தேதி நடந்த தாக்குதல் சிதறியது. மறுநாளே மிஞ்சியவர்கள் கப்பலேறினார்கள். சண்டையின் நடுவே மரங்களில் இருந்த தேன்கூடுகள் கலைந்து தேனீக்கள் இரு தரப்பையும் கொட்டியதால் 'தேனீக்களின் போர்' என்ற பெயரும் இதற்கு ஒட்டிக்கொண்டது.

பாளையங்கோட்டைப் பிரிவு அன்று நிலைகுலைந்து ஓடியது என்று போர் வரலாறுகள் எழுதுகின்றன. ஓடியது உண்மை. ஆனால் ஒன்றாகப் பயிற்சி பெறாத பிரிவுகளை ஒரே படையாகக் கட்டி, வேவு கூடப் பார்க்காமல் புதருக்குள் அனுப்பிய தளபதிகளின் தவற்றைச் சிப்பாய்களின் கணக்கில் எழுதுவது நியாயம் அன்று என்பது என் கருத்து. அங்கே மாண்டவரின் வீட்டார் இதை மறைக்கவும் வேண்டியதில்லை.

தாங்காவில் இறங்கியவருக்கு 1914 நட்சத்திரம் ஏன் இல்லை என்று கேட்பவர்கள் மேலே நட்சத்திரம் பற்றிய பதிலைப் பார்க்கவும். ஆண்டு பொருந்தினாலும் இடம் பொருந்தவில்லை. ஆகவே 1914–15 நட்சத்திரமே.

எங்கள் கொள்ளுத்தாத்தா சாப்பர். 'பஸ்ராவுக்குப் போனார்' என்று மட்டும் பாட்டி சொல்வார்.

பஸ்ரா என்பது இறங்கிய துறைமுகம். போர்முனை அங்கிருந்து டைகிரிஸ் ஆற்றோடு வடக்கே பாக்தாத் வரையிலும் அதற்கு அப்பாலும் நீண்டது. மெசபடோமியா என்று அன்று அழைக்கப்பட்ட இன்றைய ஈராக் அது. 1916 ஏப்ரல் 29 அன்று கூட் நகரில் துருக்கியரின் முற்றுகைக்குள் சிக்கிய பிரிட்டிஷ்-இந்தியப் படை பட்டினியால் சரணடைந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 23 அன்று, கூட் நகருக்கு ஆற்றின் மேல்பக்கம் உள்ள சும்ரான் வளைவில், எதிர்க்கரையிலிருந்து குண்டுமாரி பொழிய, வெள்ளம் புரண்ட டைகிரிசைப் பிரிட்டிஷ்-இந்தியப் படை கடந்தது. துடுப்பு வலித்தும் பாலம் அமைத்தும் படையைக் கரை சேர்த்தவர்களில் சென்னை சாப்பர்களும் உண்டு. மார்ச் 11 அன்று பாக்தாத் வீழ்ந்தது.

பதக்கம் இருக்கிறது என்றால் அவர் போரில் இறந்தார் என்று உறுதியாகச் சொல்லலாமா?

சொல்ல முடியாது. பலரும் தடுமாறும் இடம் இது. உயிரோடு திரும்பியவருக்கும் மாண்டவருக்கும் தரப்பட்டது ஒரே பதக்கம். 'இறந்தார்' என்று குறிக்க அதில் ஒரு புள்ளி கூடக் கிடையாது. நம் ஊர் நடுகல் வீரன் எந்தச் சண்டையில், யார் பொருட்டுப் பட்டான் என்று சொல்லும். இந்தப் பதக்கம் போனார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. இறப்பை உறுதி செய்ய இரண்டு சான்றுகள் உள்ளன: ஒன்று நினைவுத் தகடு, மற்றொன்று, போரில் மாண்டவர்களின் கல்லறைகளையும் நினைவகங்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடு.

நினைவுத் தகடு என்றால் அந்தப் பெரிய பித்தளைத் தட்டா? அதை ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக வைத்திருந்தார்கள்.

அதுவேதான். பித்தளை அன்று, வெண்கலம். ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் அகலம். கையில் மலர்வளையம் ஏந்திய பிரிட்டானியா (பிரிட்டனைக் குறிக்கும் உருவகப் பெண்), பக்கத்தில் சிங்கம், இரண்டு டால்ஃபின்கள் ஆகியவற்றோடு, 'சுதந்திரத்துக்காகவும் மானத்துக்காகவும் இறந்தார்' என்ற பொருள் தரும் ஆங்கில வாசகம் சுற்றிலும் இருக்கும். லிவர்பூல் சிற்பி எட்வர்ட் கார்ட்டர் பிரஸ்டன் வடிவமைத்த இது, மாண்டவரின் நெருங்கிய உறவினருக்கு மட்டும் அனுப்பப்பட்டது. 13 இலட்சத்துக்கும் மேல் வார்க்கப்பட்டன. இங்கிலாந்தில் மக்கள் இதைச் 'செத்தவன் காசு' என்று கசப்போடு அழைத்தார்கள்.

சிறிய செவ்வகச் சட்டத்துக்குள் பெயர் மட்டும் இருக்கும். பதவியோ படைப்பிரிவோ இராது. சாவில் தளபதியும் சிப்பாயும் ஒன்று என்று காட்டவே அப்படிச் செய்தார்கள். ஆகவே தகடு இறப்பைச் சொல்லும், ஆளை அடையாளம் காட்டாது. பதக்கத்தின் ஓரம் ஆளைச் சொல்லும், இறப்பைச் சொல்லாது. இரண்டையும் அண்ணன் தம்பி வீடுகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்துவிடுவதுதான் நம் வழக்கம். முடிந்தால் ஒரே இடத்தில் வைத்துப் படமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் சண்டையில் சாகவில்லை, காய்ச்சலில் செத்தார் என்கிறார்கள். அவர் போரில் மாண்டவர் கணக்கில் வருவாரா?

வருவார். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் வரையறைப்படி, 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை பணியில் இருக்கும்போது இறந்தவர் அனைவரும் போரில் மாண்டவரே; காரணம் குண்டாக இருக்கலாம், காலராவாகவும் இருக்கலாம். மெசபடோமியாவில் நோய் கொண்டுபோனவர்கள் ஏராளம்.

அவர் பெயர் எங்காவது கல்லில் இருக்கிறதா?

எந்தப் போர்முனையில் மாண்டார் என்பதைப் பொறுத்தது. பிரான்ஸ், பெல்ஜியம் என்றால் 4,700க்கு மேற்பட்ட இந்தியரை நினைவுகூரும் நவ் ஷப்பேல் நினைவகம். கிழக்கு ஆப்பிரிக்கா என்றால் நைரோபி, தாருஸ்ஸலாம் போன்ற இடங்களில் உள்ளவை. வடமேற்கு எல்லை என்றால் தில்லியின் இந்தியா கேட். இந்தியாவுக்குள்ளேயே இறந்து, பராமரிக்க முடியாமற்போன கல்லறைகளில் புதைக்கப்பட்டவர்களுக்காகச் சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் 1914–1918 நினைவிடம் ஒன்று உள்ளது.

மெசபடோமியாவில் மாண்டவர்களுக்கானது பஸ்ரா நினைவகம். 40,000க்கு மேற்பட்டோரை நினைவுகூரும் அந்த நினைவகம், 1997இல் சதாம் உசேனின் ஆணைப்படி நாசிரியா சாலைக்கு இடம் மாற்றப்பட்டது. பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டன. இந்தியரில் அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே இடம்பெற்றன. மற்ற இந்தியர்களுக்குப் படைப்பிரிவின் பெயரை அடுத்து இத்தனை பேர் என்ற எண்ணிக்கைதான். 2021இல் ஆணையமே வெளியிட்ட அறிக்கை, இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்றும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. எனவே கல்லில் பெயர் இல்லை என்பதால் அவர் மாண்டதே பொய் என்று முடிவு கட்டாதீர்கள், பதிவேட்டில் தேடுங்கள்.

பதிவேட்டில் தேடினேன். அதே பெயரில் பலர் வருகிறார்கள்.

வரத்தான் செய்வார்கள், ஏனெனில் தலைப்பெழுத்து இல்லாத ஒற்றைப் பெயராகவே எழுதினார்கள். ஓரத்தில் உள்ள எண்ணையும் படைப்பிரிவையும் கொண்டு சலித்தால் ஒருவர்தான் மிஞ்சுவார். முனுசாமியை நாலைந்து வகையாக ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். ஆகவே பெயரை விட்டு எண்ணைப் பிடியுங்கள். பல பதிவுகளில் தந்தை பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் ஆகியவையும் உண்டு. மாவட்டம் அக்கால வழக்கில் 'வட ஆற்காடு', 'திருச்சினாப்பள்ளி' என்றுதான் இருக்கும்.

அவரது சர்வீஸ் விவரம் வேறு எங்கே கிடைக்கும்?

தனி ஆளைத் தேடுவதைவிடப் பிரிவைத் தேடுவது பலன் தரும். ஒவ்வொரு பிரிவும் போர்முனையில் நாள்தோறும் எழுதிய போர் நாட்குறிப்புகள் இலண்டனின் கியூ (Kew) என்னும் பகுதியில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன; தில்லியிலுள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் முதல் உலகப் போர் ஆவணங்கள் உள்ளன. இறந்த தேதி கையில் இருந்தால் அன்று அவர் பிரிவு எங்கே நின்றது, என்ன செய்தது என்று படித்துவிடலாம். சிப்பாயின் பெயர் அதில் வருவது அரிது.

சாப்பர்களின் வாரிசு பெங்களூரில் உள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். காலாட்படையைச் சேர்ந்த சென்னைப் பிரிவுகள் 1920களின் சிக்கனத்தில் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போது மெட்ராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. அதன் மையம் நீலகிரியில் வெலிங்டன்.

குதிரைக்காரன் உள்ள பதக்கம்தான், ஆனால் வெண்கலத்தில் இருக்கிறது. போலியா?

பெரும்பாலும் போலியாக இராது. தொழிலாளர் படைகளில் பணியாற்றிய இந்தியர், சீனர், மால்டாக்காரர் முதலியோருக்கு அதே பதக்கம் வெண்கலத்தில் தரப்பட்டது. ஒரு இலட்சத்துக்குச் சற்று மேல்தான் வழங்கப்பட்டதால் வெள்ளியைவிட இதுவே அரிது. பாரம் சுமந்தவனுக்கு உலோகத்திலும் ஒரு படி இறக்கம் என்பதையும் அது சொல்கிறது.

வெளிநாட்டில் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?

வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் சட்டத்தைப் பாருங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி, வரலாற்று முக்கியத்துவம் உள்ள நூறாண்டு கடந்த பொருளைத் தனிநபர் நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்ய முடியாது. இப்பதக்கங்கள் 1919க்குப் பின் வழங்கப்பட்டவை, நூறாண்டு கடந்துவிட்டது. இந்தியத் தொல்லியல் துறையைக் கேட்காமல் தபாலில் போட்டுவிடாதீர்கள்.

உள்ளூரில் எடைக்குப் போடுவதைச் சட்டம் தடுக்காமல் இருக்கலாம். 1979–80இல் வெள்ளி விலை ஏறியபோது உலகெங்கும் எண்ணற்ற பதக்கங்கள் உருக்கப்பட்டன. கிடைப்பது ஒரு அவுன்ஸ் வெள்ளியின் விலை. போவது அந்த ஓரம்.

நாங்கள் அதை அணியலாமா?

பெற்றவர் அணிவது இடது மார்பில். மாண்டவரின் உறவினர் நினைவு நாள்களில் வலது மார்பில் அணிவது மரபு.

வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர். இதைப் பெருமையாக வைத்துக்கொள்வதா?

பதக்கத்தை எனக்குக் காட்டும் இளைஞர்கள் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்பது இதைத்தான். சிப்பாய்க்கு மாதச் சம்பளம் அன்று 11 ரூபாய். பலருக்கும் அதுதான் காரணம், பேரரசு அன்று. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டபோது போர் நம் வாசலுக்கே வந்துவிட்டது என்றும் சிலர் நினைத்திருக்கலாம். நாகரிகத்துக்கான போர் என்று பதக்கத்தில் பொறித்த அதே அரசு, போர் முடிந்த சில மாதங்களில் ரௌலட் சட்டத்தையும் 1919 ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலா பாக் படுகொலையையும் தந்தது. இவை அனைத்தும் உண்மை. முகப்பில் இருப்பது அரசின் பேச்சு, ஓரத்தில் இருப்பது உங்கள் ஆள். நான் ஓரத்தைத்தான் படிக்கச் சொல்கிறேன்.

ஓரத்தைப் படித்துவிட்டோம். ஆனால் அந்தப் பெயரில் எங்கள் குடும்பத்தில் யாருமே இல்லை.

முதலில் எழுத்துப் பிழையை நினைத்துப் பாருங்கள். வீட்டில் கூப்பிட்ட பெயர் வேறாகவும் பட்டாளத்தில் கொடுத்த பெயர் வேறாகவும் இருந்திருக்கலாம். அதுவும் பொருந்தாவிட்டால், அடகுக்கு வந்து மீட்கப்படாமல் நின்றதாகவோ, பழைய பொருளோடு வாங்கியதாகவோ இருக்கக்கூடும். எண்ணையும் படைப்பிரிவையும் வைத்துப் பதிவேட்டில் தேடினால், மாண்டவராக இருக்கும்பட்சத்தில் அவருடைய தந்தை பெயரும் ஊரும் கிடைக்கலாம். ஒருமுறை அப்படித் தேடியபோது கிடைத்த ஊர், பதக்கம் இருந்த வீட்டிலிருந்து பேருந்தில் நாற்பது நிமிடத் தொலைவுதான். அங்கே டீக்கடையில் பெயரைச் சொன்னதும், 'பட்டாளத்தார் வீடா?' என்று கேட்டு வழி காட்டினார்கள்.